“ரேடியேஷன்தானே” என்றார்கள்

கீமோ முடிந்த அன்று வீட்டில் எல்லோரும் ஒரு பெருமூச்சு விட்டார்கள். நானும்தான். “இனி ரேடியேஷன்தானே, போய்ப் படுத்துட்டு வரவேண்டியதுதான்” என்று பார்க்க வந்தவர்கள் ஒருவர் விடாமல் சொன்னார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை, படுத்துவிட்டுத்தான் வந்தேன். ஆனால் அந்த ‘தானே’யை நம்பி, விட்ட இடத்திலிருந்து வேலை, வீடு எல்லாவற்றையும் மறுபடி தலையில் ஏற்றிக்கொண்டேன். அதனால் பட்டதைத்தான் எழுதுகிறேன்.

எனக்கு இடது மார்பகத்தில் புற்றுநோய். கட்டியை மட்டும் எடுத்தார்கள், மார்பகத்தை எடுக்கவில்லை. “எடுத்த கட்டியோட ஓரத்துல புற்றுசெல் இல்லை, சுத்தமா இருக்குன்னு ரிப்போர்ட்டே வந்துடுச்சே, அப்புறம் கதிர்வீச்சு எதுக்கு டாக்டர்?” என்று கேட்டேன். கண்ணுக்கும் ஸ்கேனுக்கும் தப்பிய செல்கள் இருக்கலாம், அதற்குத்தான் என்றார். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர் என்ற அறுவை மருத்துவர் தலைமையில் நடந்த ஆய்வில், 20 வருடம் கழித்துப் பார்த்தபோது, கட்டியை மட்டும் எடுத்துக்கொண்ட பெண்களில் சுமார் 39 சதவீதம் பேருக்கு அதே மார்பகத்தில் திரும்ப வந்திருந்தது. கதிர்வீச்சும் சேர்த்து எடுத்தவர்களில் 14 சதவீதம். அதற்குமேல் நான் கேள்வி கேட்கவில்லை.

முதல் சிக்கல் கையில் வந்தது. கதிர்வீச்சு கொடுக்கும் மேஜையில் படுத்து இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி அப்படியே வைத்திருக்க வேண்டும். அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்த பிறகு என் இடது கை தோளுக்கு மேல் போகவே இல்லை. அக்குளிலிருந்து முழங்கை வரை தோலுக்கு அடியில் ஒரு கயிறு முறுக்கிக் கட்டியதுபோல இழுக்கும், தொட்டால் விரலுக்குத் தட்டுப்படும். அறுவை முடிந்ததும் பயிற்சித் தாள் ஒன்று கொடுத்திருந்தார்கள், கீமோ களேபரத்தில் அது எங்கேயோ போய்விட்டது. பிசியோதெரபிஸ்டிடம் திட்டு வாங்கிக்கொண்டு, சுவரில் விரலை ஊன்றி தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றி, மூன்று வாரத்தில் ஒருவழியாகக் கையைத் தூக்கினேன். இதைப் படிக்கிறவர்கள் அந்தத் தாளைத் தொலைக்காதீர்கள்.

அப்புறம் திட்டமிடும் ஸ்கேன். இது நோயைத் தேட எடுப்பதில்லை, கதிர் எந்தக் கோணத்தில் வரவேண்டும் என்று கணக்குப் போட எடுக்கிற சி.டி. ஸ்கேன். நெஞ்சின் நடுவிலும் இரண்டு விலாவிலும் ஒவ்வொரு புள்ளி பச்சை குத்தினார்கள், கடுகளவுகூட இல்லை. தினமும் அதே இடத்தில், அதே மாதிரி படுக்க வைக்க அதுதான் அடையாளம்.

இடது பக்கம் என்பதால் எனக்கு இன்னொரு பாடமும் இருந்தது. மூச்சை ஆழமாக இழுத்துப் பிடித்தால் நுரையீரல் விரிந்து இதயம் நெஞ்சுச் சுவரை விட்டு நகர்ந்துவிடுமாம், அந்த இடைவெளியில் கதிரைச் செலுத்தினால் இதயத்தில் படுவது குறையும். வயிற்றின் மேல் சின்னப் பெட்டி ஒன்றை வைப்பார்கள், கண்முன் திரையில் என் மூச்சு ஒரு கோடாக ஏறி இறங்கும், அதைப் பச்சைக் கட்டத்துக்குள் கொண்டுபோய் ஒரு 20 விநாடி நிறுத்த வேண்டும். முதல் நாள் பயத்தில் பத்து விநாடிகூடத் தாங்கவில்லை. மூச்சை விட்டுவிட்டால் கதிர் தப்பான இடத்தில் பட்டுவிடுமோ என்று நான் நடுங்கியதைப் பார்த்து டெக்னீஷியன் பெண், “கோடு கட்டத்தை விட்டு வெளியே போனா மெஷின் தானா நின்னுடும்மா, நீங்க இருமினாக்கூட ஒண்ணும் ஆகாது” என்றாள். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். வீட்டில் கடிகாரத்தைப் பார்த்து மூச்சுப் பிடித்துப் பழகினேன், என் மகளும் போட்டிக்குப் பிடிப்பாள், எப்போதும் அவள்தான் ஜெயிப்பாள்.

எனக்கு மொத்தம் 20 நாள். முதல் 15 நாள் முழு மார்பகத்துக்கும் 40 கிரே, அடுத்த 5 நாள் கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் கூடுதலாக, அதை பூஸ்ட் என்கிறார்கள். கிரே என்பது கதிரின் அளவு. சனி, ஞாயிறு விடுமுறை. காத்திருக்கும் பெஞ்சில் எல்லோரும் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வியே “உங்களுக்கு எத்தனை?” என்பதுதான். ஒரு அக்காவுக்கு 25, ஒரு பெண்ணுக்கு வெறும் 5. எனக்குப் பொறாமையாகவே இருந்தது. டாக்டரிடம் கேட்டபோது, முன்பு 25 நாள்தான் வழக்கம், பிரிட்டனில் நடந்த ஆய்வுகளுக்குப் பிறகு 15 ஆனது, 2020ல் வெளிவந்த ஆய்வில் 5 நாளில் 26 கிரே கொடுப்பதும் பலனில் குறைவில்லை என்று தெரிந்தது, ஆனால் யாருக்கு எது என்பது அவரவர் நோயைப் பொறுத்தது என்றார்.

அறைக்குள் போனால் பத்துப் பதினைந்து நிமிஷம். அதில் பெரும்பகுதி என்னை மில்லிமீட்டர் கணக்கில் இழுத்து நகர்த்தவே போய்விடும், கதிர் வரும் நேரம் ஓரிரு நிமிஷம். எல்லோரும் வெளியே போய்க் கனமான கதவு மூடும், மெஷின் ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக உறுமும், அப்புறம் சுற்றி மறுபக்கம் வரும். வலி இல்லை, சூடு இல்லை, வாசனைகூட இல்லை. வெளியே வந்து மகளைக் கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டேன். தாராளமாக. வெளியிலிருந்து வரும் கதிர் உடம்பில் தங்குவதில்லை.

25 நாள்காரி அக்கா சொன்னார்: “முதல் வாரம் ஒண்ணுமே தெரியாது. அதை மட்டும் நம்பிடாத.”

அப்படியேதான் நடந்தது. இரண்டாம் வாரக் கடைசியில் ஒரு மதியம் நாற்காலியில் உட்கார்ந்தேன், எழுந்திருக்க முடியவில்லை. தூக்கம் வரவில்லை, தூங்கினாலும் தீரவில்லை, கீமோ அசதி போலவும் இல்லை. உள்ளே எங்கோ குழாய் திறந்துகொண்டு எல்லாம் ஒழுகிப் போன மாதிரி ஓர் அசதி. வேடிக்கை என்னவென்றால் அந்த நேரத்தில்தான் தலைமுடி திரும்ப முளைத்துக்கொண்டிருந்தது. மார்பகத்துக்குக் கொடுக்கும் கதிர் தலைமுடியை ஒன்றும் செய்வதில்லை. பார்க்கிறவர்களெல்லாம் “முகமே தெளிஞ்சிடுச்சே” என்றார்கள். தெளிந்த முகத்தோடு “முடியலை” என்று சொல்வது கஷ்டம், என் கணவரிடமே இரண்டு தடவை அழுதுதான் புரியவைத்தேன். தினமும் அரைமணி நடந்தால் அசதி குறையும் என்று டாக்டர் சொன்னபோது கோபம்தான் வந்தது, நடந்து பார்த்தால் குறையத்தான் செய்தது.

தோல் விஷயம். கொடுத்த கையேட்டில் ‘சிவந்து போகும்’ என்று இருந்தது, சிவப்புக்காகத் தினமும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைப் போன்ற மாநிறக்காரிக்குச் சிவப்பெல்லாம் தெரியாது, கருக்கும். மூன்றாம் வாரத்தில் கதிர் பட்ட இடம் மட்டும் அளவெடுத்தது போலக் கறுத்து, அரிப்பு ஆரம்பித்தது. சொறியவே கூடாது. மிதமான சோப்பு, வெதுவெதுப்பான தண்ணீர், தேய்க்காமல் ஒற்றி எடுப்பது, கம்பி வைக்காத தளர்ந்த பருத்தி உள்ளாடை, அந்தப் பக்கத்து அக்குளில் பிளேடு படாமல் பார்த்துக்கொள்வது, இவ்வளவுதான் நான் செய்தது. டாக்டர் எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டு கிரீம் அரிப்பைக் கணிசமாகக் குறைத்தது. பக்கத்து பெஞ்ச் வைத்தியத்தையெல்லாம் தோலில் தடவாதீர்கள்.

பதினாறாவது நாள் மெஷின் பழுதானது. இரண்டு மணிநேரம் உட்காரவைத்துவிட்டு, நாளைக்கு வாருங்கள் என்று ஒரு வரியில் அனுப்பிவிட்டார்கள். விட்டுப்போன ஒரு நாளால் நோய் திரும்பிவிடுமோ என்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. அந்த நாளைக் கடைசியில் சேர்த்துக் கொடுத்து ஈடுகட்டுவார்கள் என்று யாராவது அப்போதே சொல்லியிருந்தால் தூங்கியிருப்பேன்.

கடைசி நாள் வந்தது. நிம்மதியாக வீடு திரும்பினேன், பத்தாம் நாள் மார்பகத்தின் கீழ் மடிப்பில் தோல் உரிந்து நீர் கசிந்தது. முடிந்த பிறகு ஏன் இப்படி என்று பதறிப்போய் போன் செய்தேன். இதுதான் உச்சம், சரியாகிவிடும் என்றார் நர்ஸ். தோலின் அடியடுக்கில் புதுச் செல்கள் உருவாவதைக் கதிர் நிறுத்திவிடுகிறது, மேலடுக்கு அதுபாட்டுக்கு வாரக்கணக்கில் தேய்ந்து உதிரும்போதுதான் கீழே மாற்று ஆள் இல்லை என்பது தெரியவரும். அதனால் முடிந்து ஒன்றிரண்டு வாரத்தில்தான் மோசமாகும் என்று விளக்கினார். ஒட்டாத வகைக் கட்டு போட்டேன், மூன்று வாரத்தில் ஆறியது.

தினமும் யாராவது நம்மைப் பார்த்துக்கொண்டிருந்து, திடீரென்று யாரும் பார்க்காமல் போகிற அந்த வாரம்தான் எனக்கு மிகவும் பயமாக இருந்தது.

இப்போது ஐந்து மாதம். கருப்பு பெரும்பாலும் போய்விட்டது. மார்பகம் கொஞ்சம் கெட்டியாக, மற்றதைவிடச் சற்று மேலேறி இருக்கிறது, எப்போதாவது உள்ளே சுருக்கென்று குத்தும். வறட்டு இருமலோ மூச்சுத் திணறலோ வந்தால் உடனே சொல்லச் சொல்லியிருக்கிறார்கள், வரவில்லை. சுவரில் விரல் ஏற்றும் பயிற்சி இன்னும் நடக்கிறது. அடுத்த மாதம் மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே.