முழுப்பேர்

மே 29
கொழும்பில் பேச வாய்ப்புக் கேட்டிருந்தேன். பதில் மெயில் வரவில்லை.

மே 31
கணினியில் தமிழ்ப் பெயர்களைத் தேடுவது பற்றிய பதிவை இணையத்தில் ஏற்றிவிட்டேன். தோட்டத்து லயத்துக்குள் (எங்கள் வரிசை வீடுகள்) சிக்னல் ஒரு கோடு வருவதே பெரிய விஷயம், மாடசாமி கோயில் மேட்டில் போய் நின்றுதான் ஏற்ற முடிந்தது. உதாரணத்துக்கு நம் ஊர்ப்பெயரையே எடுத்துக்கொண்டேன். கொட்டகலை. கண்ணுக்கு ஐந்து எழுத்து, யூனிகோடில், அதாவது எழுத்துகளுக்குக் கணினி வைத்திருக்கும் எண் பட்டியலில், எட்டுக் குறியீடு. ‘கொ’வின் கொம்பும் காலும் தனித்தனியாக உள்ளே போயிருந்தால் ஒன்பது. திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றுதான். ஒப்பிடச் சொன்னால் கணினி வேறு வேறு என்கிறது.

அம்மாவின் பெயர் ஸ்ரீயில் தொடங்குகிறது. அதைப் பதிவில் எழுதவில்லை.

ஜூன் 3
வந்துவிட்டது! 28 சனிக்கிழமை, கொழும்பு, இருபது நிமிடம். சிலைட் ஆங்கிலத்தில் இருந்தால் தமிழில் பேசலாமாம்.

அம்மாவிடம் சொன்னேன். “பேரு போடுவாங்களா?” என்று கேட்டார். காசு கிடையாதும்மா என்றேன். “அப்ப யாருக்காகப் போற புள்ள?”

ஜூன் 5
மழை. கரண்ட் இல்லை. அம்மாவின் முழங்கால் வீக்கம் இறங்கவில்லை.

ஜூன் 8
தொடக்கத்தை நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். நான்குமே ‘யூனிகோடு என்றால் என்ன’ என்றுதான் ஆரம்பித்தன. தமிழுக்கு 128 இடங்கள், ஒவ்வொரு குறியீட்டுக்கும் யூடிஎஃப்-8இல் மூன்று பைட். இதெல்லாம் யாரும் வாசித்துத் தெரிந்துகொள்ளலாம். அதைச் சொல்ல நான் ஏன் மலையிலிருந்து இறங்கிப் போக வேண்டும்?

அம்மா கேட்டதுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. பேரு போடுவாங்களா. முப்பத்திரண்டு வருடம் அம்மா கேட்ட கேள்வி அது. கொழுந்து கிலோ சேர்ந்தால் செக்ரோலில், அதாவது தோட்டத்தின் வேலைப் பதிவேட்டில், முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். அட்டை கடித்த காலோடு நிறுவைக்கு நின்று, கணக்கப்பிள்ளையின் பேனா எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பார். எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் தன் பேர் விழுந்ததா இல்லையா என்பது மட்டும் பேனா அசைகிறதை வைத்தே தெரியும்.

சரி, அதுதான் தொடக்கம். ‘எங்கள் தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம்.’

ஜூன் 12
பதிவில் தப்பு. யாரோ ஒருவர் பொறுமையாக விளக்கி எழுதியிருக்கிறார். தேடுவதற்கு முன் எல்லாவற்றையும் என்.எஃப்.சி. வடிவத்துக்கு (உடைத்து எழுதியதையும் சேர்த்து எழுதியதையும் ஒன்றாக்கும் யூனிகோடு வடிவம்) மாற்றிவிட்டால் போதும் என்று எழுதியிருந்தேன். ‘கொ’வுக்கு அது போதும், உடைந்த இரண்டும் ஒன்றாகிவிடும். ஸ்ரீக்குப் போதாது. ஸ வைத்து எழுதிய ஸ்ரீ ஒன்று, ஶ வைத்து எழுதிய ஶ்ரீ இன்னொன்று. 2005இல் யூனிகோடு 4.1இல்தான் ஶ உள்ளே வந்தது. அதற்கு முன் எல்லோரும் ஸ வைத்துத்தான் எழுதினார்கள். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். ஆனால் யூனிகோடின் கணக்கில் அவை இரண்டு வேறு எழுத்துகள், எந்த என்.எஃப்.சி.யும் சேர்த்துவைக்காது. நாமே ஒரு விதி எழுதித்தான் சேர்க்க வேண்டும்.

அம்மாவின் எழுத்தில் போய்த் தவறியிருக்கிறேன். இரவே திருத்தினேன். பழைய வரியை அழிக்காமல் கோடு போட்டு, கீழே திகதி எழுதினேன். நன்றியும் எழுதினேன். தூக்கம் வரவில்லை.

ஜூன் 17
அம்மாவின் பதிவைத் தேடி அவரோடு அலுவலகம். மூன்று மணி நேரம் பெஞ்சில். கவுன்டரில் இருந்தவர் அடையாள அட்டையைப் பார்த்துப் பேரைக் கணினியில் அடித்தார், “அப்படி ஒரு பேர் இல்லையே” என்றார். அம்மா என்னைத்தான் பார்த்தார். முதல் எழுத்தை விட்டுவிட்டு மீதியை மட்டும் தேடிப் பாருங்கள் ஐயா என்றேன். நேரம் முடிந்தது, 30ஆம் திகதி வாங்க என்றார்.

ஜூன் 18
பழைய கோப்புகள் பாமினியில், அதாவது யூனிகோடு இல்லாத பழைய எழுத்துருவில், அடித்தவையாக இருக்கலாம். யூனிகோடுக்கு மாற்றிய நிரல் எந்த ஸ்ரீயைப் போட்டதோ அதுதான் உள்ளே இருக்கும். அப்படித்தான் நடந்தது என்று என்னிடம் சாட்சி இல்லை. வெறும் எழுத்துப்பிழையாகவும் இருக்கலாம். நிரூபிக்க முடியாததை மேடையில் நடந்ததாகச் சொல்ல மாட்டேன். அம்மாவின் கதை பேச்சில் வேண்டாம். செக்ரோல் மட்டும் போதும்.

ஜூன் 19
செக்ரோலும் வேண்டாமோ?

ஜூன் 21
வேண்டும்.

ஜூன் 26
பாதையில் மண் சரிந்து ரயில் இல்லையாம். சிங்கமலைச் சுரங்கத்துக்குள் ரயில் போகும்போது இருட்டில் ஒருமுறை பேசிப் பார்க்கலாம் என்று நினைத்திருந்தேன்.

ஜூன் 27
பஸ். கினிகத்தேனை வளைவுகளில் குடித்த தேத்தண்ணி தொண்டைவரை வந்தது. கித்துல்கலை தாண்டியதும் வெயில். அவிசாவளையில் ஸ்வெட்டரைக் கழற்றினேன்.

ஜூன் 28
பேசிவிட்டேன்.

முதல் இரண்டு நிமிடம் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அப்புறம் ஸ்ரீயையும் ஶ்ரீயையும் திரை முழுக்கப் பெரிதாகப் போட்டு, என்ன வித்தியாசம் என்று கேட்டேன். ஒருவரும் கை தூக்கவில்லை. அடுத்த சிலைடில் இரண்டையும் ஒப்பிட்ட விடை: சமமில்லை. மண்டபம் அப்படியே அடங்கிவிட்டது. அந்த அமைதிக்குள் செக்ரோலைச் சொன்னேன். பேனாவையும் சொன்னேன்.

கேள்வி நேரத்தில் ஒரு சிங்களப் பையன் எழுந்தான். தங்கள் ஸ்ரீக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத இணைப்பான் ஒன்று இருக்கிறது, கோப்பைச் சுத்தம் செய்கிற நிரல் அதைக் குப்பை என்று தூக்கிப் போட்டால் எழுத்து உடைந்துவிடும் என்றான். நாட்டின் பெயரே உடையும் அக்கா என்றான். வெளியே வந்து, சுவரில் சாய்ந்து, இரண்டு மொழிக்கும் சேர்த்து ஒரு சோதனைப் பட்டியல் எழுத ஆரம்பித்தோம். பதினேழு பெயர் சேர்ந்தது. சாப்பாட்டை மறந்துவிட்டோம்.

அம்மாவுக்கு அழைத்தேன். “பேரு விழுந்துச்சா?” விழுந்துச்சும்மா என்றேன்.

ஜூன் 29
திரும்பும் பஸ். உடம்பு அடித்துப்போட்டது மாதிரி. பட்டியலில் முதல் பெயராக அம்மாவுடையதைச் சேர்த்தேன், இரண்டு வடிவத்திலும்.

ஜூன் 30
கவுன்டர் எட்டரைக்குத் திறக்கும். இரண்டு வடிவத்தையும் போனில் அடித்து வைத்திருக்கிறேன். அம்மா ஆறு மணிக்கே சேலை கட்டி வாசலில் நிற்கிறார்.