வெரோனாவில் ஒரு கல்வெட்டு முற்றம்

இத்தாலியின் வெரோனாவுக்கு வருகிறவர்கள் இரண்டு இடங்களுக்குத்தான் ஓடுகிறார்கள். ரோமானியர் கட்டிய வட்டரங்கமான அரினா, அப்புறம் ஷேக்ஸ்பியரின் ஜூலியட் பெயரைச் சொல்லும் பால்கனி. அரினா நிற்கும் அதே பியாத்ஸா பிரா சதுக்கத்தின் ஓரத்தில், பழைய மதில் வாயிலை ஒட்டி, மாஃபேயி கல்வெட்டு அருங்காட்சியகம் இருக்கிறது. நான் போனபோது முற்றத்தில் கூட்டமே இல்லை. எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை.

17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சேசரே நிக்கெஸோலா என்ற பாதிரியார் சேர்த்துவைத்திருந்த கல்வெட்டுகள் ஊரின் ஃபிலார்மோனிகா கழகத்தின் கைக்கு வந்தன. அது 1543 முதல் இயங்கிவரும் இசைக் கழகம். கல்லுக்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். இடம் இருந்தது, வைத்துக்கொண்டார்கள்.

நூறு வருடம் கழித்து அந்தக் கற்களைக் கையில் எடுத்தவர் ஷிபியோனே மாஃபேயி. பிரபு குலம், நாடக ஆசிரியர். தொலைந்தே போயின என்று நினைத்திருந்த பழஞ்சுவடிகளை, 1712இல் வெரோனா கதீட்ரல் நூலகத்தில் ஓர் அலமாரியின் உச்சியில் கண்டுபிடித்தவரும் இவர்தான். சுவடிகளில் அத்தனை ஊறியவர், வரலாற்றுக்குக் கல்தான் நம்பகமான சாட்சி என்றார். சுவடியைப் படியெடுப்பவர் பிழை விடுவார். கல் அப்படியே நிற்கும். ஆனால் கொத்தனாரிடம் சிக்கினால் அது அஸ்திவாரத்துக்குள் போய்விடும், மாளிகைக்குள் போனால் விருந்தாளிகள் மட்டும் பார்ப்பார்கள். ஆகவே திறந்த முற்றத்துச் சுவரில் பதித்துவிடுவது என்று முடிவு செய்தார். 1720களில் டூரின் பல்கலைக்கழக முற்றத்திலும் இதே வேலையைச் செய்து கொடுத்திருக்கிறார். வெரோனாவில் அலெஸ்ஸாந்த்ரோ பொம்பேயி வடிவமைத்த தூண் தாழ்வாரத்தோடு 1745இல் அது முழு உருப்பெற்றது. பிரிட்டிஷ் மியூசியம் திறக்க அப்போது இன்னும் 14 வருடம் இருந்தது.

நான் அதிக நேரம் நின்றது ரோமானியக் கல்லறைக் கற்களின் முன்னால். சிலவற்றின் உச்சியில் 'வி', 'எஃப்' என்று இரண்டே எழுத்து. லத்தீன் சுருக்கம் அது; இன்னார் உயிரோடிருக்கும்போதே செய்துகொண்டது என்று பொருள். அடியில் முகப்பு இத்தனை அடி, உள்நீளம் இத்தனை அடி என்று மனை அளவு! செத்த பிறகும் எல்லைத் தகராறு வரும் என்று தெரிந்த மனிதர்கள். நம் ஊர்ப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதுகிறவருக்கு இதைப் படிக்க விளக்கவுரையே வேண்டாம்.

1786இல் இங்கே வந்த ஜெர்மன் கவிஞர் கெதேவுக்குத் தாழ்வாரத் தூண்கள் பிடிக்கவில்லை. பக்கத்துத் தியேட்டரின் பெரிய தூண்களுக்கு முன்னால் குள்ளமாகத் தெரிந்தனவாம். கல்லறைச் சிற்பங்களில் மட்டும் சொக்கிப்போனார். மாடத்திலிருந்து ஜன்னல் வழியாகப் பார்ப்பதுபோல் எட்டிப் பார்க்கும் கணவன் மனைவியை ரசித்து எழுதியிருக்கிறார். தூண் விஷயத்தில் அவர் கொஞ்சம் கறார் என்றுதான் எனக்குப் பட்டது.

மாஃபேயிக்குத் தன்னைக் கல்லில் பார்க்கும் ஆசை இருக்கவில்லை. உயிரோடிருக்கும்போதே வைத்த மார்பளவுச் சிலையை எடுக்கச் சொல்லிவிட்டார். 1755இல் அவர் காலமான பிறகு மறுபடி வைத்தார்கள். 1797இல் நெப்போலியனின் ஆட்கள் வந்து, நல்லதாகப் பார்த்துச் சில கற்களைப் பாரிஸுக்கு ஏற்றிப்போனதைப் பார்க்க அவர் இல்லை. அவன் வீழ்ந்த பிறகு சில கற்கள் திரும்பி வந்தன. எல்லாம் வரவில்லை.