நுண்லென்ஸில் ஆராய்ச்சி செய்பவர்களுக்கு: 266-ஐ மறந்து ஆறு மாதம் போனது

நேற்று சாயங்காலம் ரிசல்ட் வந்தது. காம்ப்ரிஹென்சிவ் வைவா (பிஎச்.டி.யில் கமிட்டி முன்னால் நடக்கும் வாய்மொழித் தேர்வு), இரண்டாவது தடவை, பாஸ். சந்தோஷத்தைவிட எரிச்சல்தான் அதிகம். முதல் தடவை என்னைக் கவிழ்த்தது ஒரே ஒரு கேள்வி.

என் வேலை பாலிஸ்டைரீன் நுண்மணிகளை லென்ஸாக்குவது. கிளீன் ரூம், எலக்ட்ரான் கற்றை எதுவும் தேவையில்லை. மணி கலந்த தண்ணீரைக் கண்ணாடி ஸ்லைடில் ஒரு சொட்டு விட்டுக் காயவைத்தால் அவையே வரிசையாக உட்காரும். "532 நானோமீட்டர் பச்சை லேசர், குவியும் புள்ளி 300 நானோமீட்டர், லிமிட்டைத் தாண்டிவிட்டோம்" என்று பெருமையாகச் சொன்னேன். கமிட்டியில் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எந்த லிமிட்டைப்பா?"

முழித்தேன். அலைநீளத்துக்குக் கீழே போவது வேறு, அபே எல்லைக்குக் கீழே போவது வேறு. அபே எல்லை என்பது சாதாரண லென்ஸால் ஒளியை எவ்வளவு சிறிய புள்ளியாகக் குவிக்க முடியும் என்பதற்கான வரம்பு, இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே பெயரில். அபே 1873-லேயே சொன்ன கணக்கு: அலைநீளத்தை நியூமெரிக்கல் அப்பர்ச்சரின் (லென்ஸ் எவ்வளவு அகலமான கோணத்தில் ஒளியைக் கையாள்கிறது என்பதன் அளவு) இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். காற்றில் அந்த அப்பர்ச்சர் 1-ஐத் தாண்டாது. ஆக 532-ல் பாதி, 266. என் 300 அதற்கு மேலேதான் நிற்கிறது. நாற்பது ஸ்லைடு போட்டவன் இந்த ஒரு வகுத்தலைப் போடவில்லை. ஆறு மாதம் கழித்து வரச் சொல்லிவிட்டார்கள். நீங்கள் வேறு எதைப் படிக்காவிட்டாலும் சரி, உங்கள் லேசருக்கான எண்ணைப் போர்டில் எழுதிவிட்டு வாயைத் திறங்கள்.

வைவாவுக்குத் தெரிந்திருக்க வேண்டிய மற்றவை சுருக்கமாக:

- ஜான் பெண்ட்ரியின் 'பெர்ஃபெக்ட் லென்ஸ்' கட்டுரை, 2000. எவனசென்ட் அலை (பொருளின் பரப்பை ஒட்டியே மங்கிப்போகும் ஒளி, நுண்விவரம் அதில்தான் இருக்கிறது) ஏன் தூரம் போகாது என்று படம் போட்டுச் சொல்லத் தெரியணும்.
- 2005, வெள்ளிப் படலத்தை லென்ஸாக்கிய சோதனை: 365 நானோமீட்டர் ஒளியில் 60 நானோமீட்டர் கோடுகளைப் பிரித்துக் காட்டியது.
- 2011, சிலிக்கா மணியை லென்ஸாக வைத்து, வெள்ளை ஒளியில் 50 நானோமீட்டர் விவரம் வரை பார்த்ததாகச் சொன்ன கட்டுரை. எப்படி நடக்கிறது என்பதில் இன்னும் சண்டை. தெரிந்த மாதிரி பேசாதீர்கள்.
- ஒளிவிலகல் எண் 2 என்றால் குவியம் மணியின் பின்பரப்பிலேயே விழும். பாலிஸ்டைரீன் 1.59, அதனால் வெளியே விழும். தண்ணீரில் மூழ்கடித்தால் 1.59-ஐ 1.33-ஆல் வகுக்கணும், குவியம் தள்ளிப்போய்ப் புள்ளி பெருத்துவிடும்.

மாக் வைவா (நண்பர்களை வைத்து ஒத்திகைத் தேர்வு) எனக்கு ஒத்துவராது. தாம்பரம் ரயிலில் கிண்டி வரும்வரை எனக்கு நானே கேள்வி கேட்டுக்கொண்டேன், அதுவே போதும்.

லேப் விஷயம் ஒன்று. ஏசி காற்றில் சொட்டு சட்டென்று காய்ந்தால் மணியெல்லாம் ஓரத்தில் வளையமாகக் குவிந்து நடுவில் வழுக்கை விழும், டபரா அடியில் காபிக் கறை மாதிரி. ஓரம் ஒட்டிக்கொண்டு வேகமாக ஆவியாவதால் உள்ளே இருக்கும் தண்ணீர் மணிகளையும் இழுத்துக்கொண்டு அங்கே ஓடுகிறது. நவம்பர் மழையில் ஓர் இரவு ஏசியை அணைத்து, ஸ்லைடைக் கொஞ்சம் சாய்த்து, பெட்ரி டிஷ்ஷால் மூடிவிட்டுப் போனேன். காலையில் ஒற்றை அடுக்கு, மைக்ரோஸ்கோப்பில் தேன்கூடு மாதிரி.

இந்தத் தடவையும் அதே ஆள்தான் முன்னால் உட்கார்ந்திருந்தார். உள்ளே போனதும் வணக்கம்கூடச் சொல்லாமல் போர்டில் 266 என்று எழுதினேன். "சரி, அடுத்த ஸ்லைடு போடு" என்றார்.