பைப்பில் எங்கே அடைக்கிறது?

ஜூன் 3, செவ்வாய்

பழைய சர்வரில் இருக்கும் பெரிய கோப்பகம் ஒன்றைப் புதியதற்கு மாற்ற வேண்டும். கோப்புகளை ஒன்றாகக் கட்டும் டார், அதைச் சுருக்கும் இசட்எஸ்டிடி, புதிய சர்வருக்கு அனுப்பும் எஸ்எஸ்எச் மூன்றையும் பைப்பால், அதாவது ஒன்றின் வெளியீட்டை அடுத்ததன் உள்ளீடாக்கும் குழாயால், கோத்து ஓட விட்டாயிற்று. ஓடுகிறது, ஆனால் நெட்வொர்க் பாதி நேரம் சும்மா கிடக்கிறது. "பைப் பஃபரைக் கூட்டிப் பாருங்களேன்" என்றார் கூட வேலை செய்பவர். பஃபர் என்றால், அடுத்த நிரல் எடுக்கும்வரை பைப்பில் தரவு காத்திருக்கும் இடம். பார்க்கலாம். அதற்கு முன் யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று தெரிய வேண்டாமா?

ஓடும் நிரல் (புராசஸ்) கெர்னலுக்கு, அதாவது இயங்குதளத்தின் மையத்துக்கு, விடுக்கும் சிஸ்டம் அழைப்புகளைக் காட்டும் ஸ்ட்ரேஸைப் போட்டு ஒவ்வொரு புராசஸாகப் பார்த்தேன். ஒரு புராசஸ் ரைட் (எழுது) அழைப்பிலேயே நின்றால், அதற்கு அடுத்தது மெதுவாக எடுக்கிறது என்று பொருள். ரீட் (படி) அழைப்பில் நின்றால் முந்தையது தரவில்லை. இங்கே இரண்டும் மாறி மாறி நடக்கிறது. பெரிய கோப்பு வரும்போது டார் ரைட்டில் நிற்கிறது. குட்டிக் கோப்புகள் ஆயிரக்கணக்கில் வரும்போது டார் டிஸ்க்கோடு மல்லுக்கட்ட, இசட்எஸ்டிடி ரீட்டில் பட்டினி கிடக்கிறது. சீரான ஓட்டமாக இருந்திருந்தால் பஃபரைத் தொட்டே இருக்க மாட்டேன்.

ஜூன் 4, புதன்

லினக்ஸில் பைப்பின் இயல்பான கொள்ளளவு 16 பக்கங்கள்; பக்கம் என்பது கெர்னல் நினைவகத்தைப் பிரிக்கும் அலகு. ஒரு பக்கம் 4096 பைட் என்றால் 65,536 பைட். கெர்னல் 2.6.11-க்கு முன் இது ஒரே ஒரு பக்கம்தான். 2.6.35-லிருந்து எஃப்சிஎன்டிஎல் என்ற சிஸ்டம் அழைப்புக்கு எஃப்_செட்பைப்_எஸ்இசட் என்ற கட்டளையைக் கொடுத்து அளவை மாற்றலாம். சாதாரணப் பயனருக்கு உச்சவரம்பு, பைப்-மேக்ஸ்-சைஸ் கோப்பில் இருக்கும் எண். இயல்பாக அது 10,48,576, அதாவது ஒரு மெபிபைட் (1024 கிபிபைட்; ஒரு கிபிபைட் 1024 பைட்).

கட்டளைகளை ஓட்டும் ஷெல்லில் இதற்கென்று நேரடி வசதி இல்லை. அதனால் பைதானில் சில வரி: தன் ஸ்டாண்டர்ட் அவுட்புட்டின், அதாவது இயல்பான வெளியீட்டு வழியின், பைப்பைப் பெரிதாக்கிவிட்டு, எக்ஸெக் செய்து டாராக மாறிவிடும். அளவு பைப்போடு ஒட்டியது என்பதால் எக்ஸெக்குக்குப் பிறகும் நிற்கும்.

ஜூன் 6, வெள்ளி

பலன் இருக்கிறது, ஆனால் துள்ளிக் குதிக்கும்படி இல்லை. கணக்குப் போட்டால் காரணம் புரிகிறது. வினாடிக்கு 100 மெகாபைட் ஓட்டத்தில் 64 கிபிபைட் பஃபர் முக்கால் மில்லிவினாடிகூடத் தாங்காது. ஒரு மெபிபைட் சுமார் 10 மில்லிவினாடி தாங்கும். டிஸ்க் அரை வினாடி திணறினால் இரண்டுமே ஒன்றுதான். அந்த அளவு தடுமாற்றத்துக்கு எம்பஃபர் மாதிரி, தரவை நினைவகத்தில் தேக்கி வைக்கும் நிரல் ஒன்றை நடுவில் வைத்து, நூற்றுக்கணக்கான மெகாபைட் நினைவகம் கொடுக்க வேண்டும். கொடுத்தேன். நெட்வொர்க் வரைபடம் நேரானது.

இன்னொன்று: ஸ்ட்ரேஸில் டாரின் ஒவ்வொரு ரைட்டும் 10,240 பைட்டாக இருந்தது. அதன் இயல்பான பிளாக்கிங், அதாவது ஒரு ரைட்டில் சேர்த்து எழுதும் பிளாக்குகளின் எண்ணிக்கை, 20; ஒரு பிளாக் 512 பைட். பைப்பைப் பெரிதாக்கிவிட்டு இப்படிச் சிட்டிகை சிட்டிகையாக எழுதினால் சிஸ்டம் அழைப்புகளின் எண்ணிக்கை குறையாது. பிளாக்கிங்கை 2048 ஆக்கினேன், ரைட் ஒரு மெபிபைட் ஆனது. இந்த எண்ணைப் பலர் கவனிப்பதே இல்லை.

ஜூன் 9, திங்கள்

வேகத்தை விட்டுவிட்டுப் பிழைகளைப் பார்த்தேன். வேகமாக வந்து சேர்ந்த அரைக் கோப்பால் யாருக்கு என்ன லாபம்?

ஷெல் பைப்லைனின் முடிவு, கடைசிக் கட்டளையின் முடிவு மட்டுமே. டார் நடுவில் ஒரு கோப்பைப் படிக்க முடியாமல் முனகினாலும் எஸ்எஸ்எச் 0 (வெற்றி) தந்தால் எல்லாம் சுபம் என்றுதான் ஸ்கிரிப்ட் நினைக்கும். எந்தக் கட்டளை தவறினாலும் பைப்லைனே தவறியதாகக் கொள்ளும் பைப்ஃபெயில் போடாத பேக்கப் ஸ்கிரிப்டை நான் நம்புவதில்லை. எது தவறியது என்று தனித்தனியாகத் தெரிய, பாஷ் ஷெல்லில் பைப்ஸ்டேட்டஸ் இருக்கிறது. அதில் 141 வந்தால் 128-உடன் 13: சிக்னலால் செத்த புராசஸுக்கு ஷெல் 128-உடன் சிக்னலின் எண்ணைக் கூட்டித் தருகிறது, 13 என்பது சிக்பைப். வாசிக்கும் பக்கம் முதலில் மூடிவிட்டது. குற்றவாளி 141 காட்டும் புராசஸ் அல்ல, அதற்கு அடுத்தது.

அப்புறம் டிடி, தரவைப் பிளாக் பிளாக்காக நகலெடுக்கும் கட்டளை. பைப்பிலிருந்து ஒரு மெபிபைட் பிளாக் கேட்டாலும், அந்த நேரம் பைப்பில் இருப்பது மட்டுமே கிடைக்கும். அரைகுறை ரீட்டையும் ஒரு பிளாக்காகக் கணக்கு வைப்பதால், கவுண்ட் (எத்தனை பிளாக் என்ற எண்) கொடுத்திருந்தால் கோப்பு குறைந்துபோகும், ஆனாலும் டிடி 0 தந்தே முடியும். பிளாக் நிறையும்வரை படிக்கச் சொல்லும் ஃபுல்பிளாக் கொடுத்தால் சரி. சொந்தமாக எழுதும் நிரலிலும் இதே கதைதான்: ரீட், ரைட் இரண்டுமே கேட்டதைவிடக் குறைவாகச் செய்யலாம், மீதிக்காகச் சுற்றில் திரும்ப அழைக்க வேண்டும்.

ஜூன் 10, செவ்வாய்

இன்னொரு நிரலை ஓட்டி, அதன் ஸ்டாண்டர்ட் எரரை (பிழையும் எச்சரிக்கையும் வரும் வழி) பைப்பில் பிடித்துவிட்டு, அவுட்புட்டை மட்டும் படித்துக்கொண்டிருக்கும் நிரல் ஒன்று கைக்கு வந்தது. எச்சரிக்கைகள் 64 கிபிபைட்டைத் தாண்டியதும் குழந்தைப் புராசஸ் ரைட்டில் உறைகிறது, பெற்றோர் ரீட்டில் உறைகிறது. பஃபரைப் பெரிதாக்கினால் இது தீர்ந்ததுபோல் இருக்கும், இன்னும் கொஞ்சம் எச்சரிக்கை வந்ததும் திரும்ப வரும். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பைதானில் கம்யூனிகேட் என்ற செயல்கூறு அதைத்தான் செய்கிறது.

ஜூன் 12, வியாழன்

இணையாகப் பல மாற்றங்களை ஓட்டினால் இன்னொரு வரம்பு இடிக்கும். ஒரு பயனரின் பைப்புகள் எல்லாம் சேர்ந்து 16,384 பக்கம், அதாவது 64 மெபிபைட். ஒவ்வொன்றுக்கும் ஒரு மெபிபைட் கொடுத்தால் 64 பைப்போடு சரி. அதற்கு மேல் அளவு கேட்டால் ஈபெர்ம் (அனுமதி இல்லை) என்ற பிழை வரும், புதிய பைப்புகள் இரண்டே பக்கத்தோடு பிறக்கும். காரணமே தெரியாமல் வேகம் சரிவது இப்படித்தான்.

அதனால் நிரலில் இப்படி முடிவு செய்தேன்: கேட்ட அளவு கிடைக்கவில்லையா, பதிவில் ஒரு வரி எழுதிவிட்டு இருக்கும் அளவோடு ஓடு. ரைட்டிலோ, தரவை டிஸ்க்குக்கே தள்ளும் எஃப்சிங்கிலோ, கோப்பை மூடும் குளோஸிலோ பிழையா, அங்கேயே நில், முடிந்தது என்று சொல்லாதே. சேரும் பக்கத்தில் தற்காலிகப் பெயரில் எழுதி, எல்லாக் கட்டமும் 0 தந்த பிறகே உண்மையான பெயருக்கு மாற்றுகிறது.

ஸ்ப்ளைஸ் என்ற சிஸ்டம் அழைப்பைப் பயன்படுத்தலாமே என்று கேட்டார், பஃபரைக் கூட்டச் சொன்ன அதே நண்பர். பயனர் நினைவகத்துக்கு நகலெடுக்காமல் தரவை நகர்த்தும், நல்லதுதான். ஆனால் இசட்எஸ்டிடி ஒவ்வொரு பைட்டையும் கையில் வாங்கியே ஆக வேண்டும். இந்த வேலையில் அதற்கு இடமில்லை. சுருக்காமல் அப்படியே கொட்டும் லாக் கோப்புகளுக்கு வேண்டுமானால் முயல்வேன்.