மே மாதச் சம்பளம்

மகளுடைய பள்ளி ஓவிய ஆசிரியரை இன்று பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். பகுதிநேர ஆசிரியர். 2012-ல் தமிழக அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, கணினி, தையல் போன்ற பாடங்களுக்கு 16,549 பேரை எடுத்தார்களே, அவர்களில் ஒருவர். வாரத்தில் மூன்று அரை நாள் வேலை, தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய். அப்புறம் சில முறை கூட்டினார்கள். ஆனால் பல ஆண்டுகள் மே மாதச் சம்பளம் மட்டும் கொடுக்கவே இல்லை. மே மாதம் பசிக்காதா என்ன?

அரசு ஊழியர் ஒழுங்காக வேலை செய்வதில்லை என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். காலையில் பிள்ளைகளுக்கு வண்ணம் கலக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டு, மாலையில் சுவர் விளம்பரம் எழுதப் போகிறார் இவர். பணி நிரந்தரம் கேட்டுச் சென்னைக்குப் போராட்டத்துக்குப் போகிற நாள்களில் வகுப்பும் இல்லை, கூலியும் இல்லை. இத்தனைக்கும் நடுவில் போன வருடம் என் மகளை மாவட்டப் போட்டி வரைக்கும் கூட்டிப் போனார், சொந்தச் செலவில்.

வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது அவருக்கு. முழுநேரச் சம்பளமும் ஒரு நிரந்தர ஆணையும் கையில் இருந்திருந்தால் அந்தப் பள்ளிக்கு இன்னும் எவ்வளவு செய்திருப்பார்! பேருந்து வந்ததும், "பாப்பாவை வரையச் சொல்லுங்க சார், விட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டு ஏறினார்.