சுரூபத்தையும் சேர்த்தே மனுவில் எழுதினோம்

ஆவணி பிறந்தால் எங்கள் ஊர்ச் சாலை காவி நிறமாகிவிடும். தஞ்சாவூர்–நாகப்பட்டினம் சாலையில், நீடாமங்கலத்துக்குக் கிழக்கே, ரோட்டை ஒட்டியே எங்கள் மாதா கோயில். வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 கொடியேற்றம். அதற்கு ஒரு வாரம் முன்னாலேயே நடைப்பயணிகள் சப்பரம் இழுத்துக்கொண்டு வரத் தொடங்குவார்கள். செப்டம்பர் 8 வரை ஓயாது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ராத்திரி, கொட்டுகிற மழையில், கோயிலிலும் தாழ்வாரத்திலும் இடமில்லாமல், கைக்குழந்தையோடு ஒரு தாய் புளியமரத்தடியில் நனைந்துகொண்டு நின்றாள். அதை என்னால் மறக்க முடியவில்லை.

அடுத்த ஞாயிறே கோயிலின் ஆலோசனைக் குழுவான பங்குப் பேரவையில் பேசினோம். கோயில் வளாகத்தில் 20 அடிக்கு 12 அடி கொட்டகை. நாலு இரும்புத் தூண், மேலே தகரம், சுவர் கிடையாது. ஓரமாக ஒரு பீடம், அதில் ஆரோக்கிய மாதா சுரூபம், அதாவது சிலை.

அந்தச் சுரூபம்தான் எல்லாவற்றையும் மாற்றியது. வெறும் கொட்டகை என்றால் ஊராட்சியோடு வேலை முடிந்துவிடும். வழிபாட்டுக்கான கட்டுமானம் என்றால் மாவட்ட ஆட்சியரின் முன் ஒப்புதல் வேண்டும். 1997 ஊராட்சிக் கட்டட விதிகளில் இருந்த இந்த நிபந்தனை 2019-இல் வந்த ஒருங்கிணைந்த விதிகளிலும் தொடர்கிறது. “நிழற்கொட்டகைன்னு மட்டும் எழுதுங்க, சுரூபத்தை அப்புறம் வெச்சுக்கலாம்” என்று சிலர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள். பங்குத்தந்தை ஒத்துக்கொள்ளவில்லை. “மாதாவை மறைச்சு ஒரு அனுமதி நமக்கு வேண்டாங்க” என்றார். அவர் சொன்னதே சரி என்று அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன்.

நிலம் மறைமாவட்டத்தின் பேரில் இருப்பதால் முதலில் ஆயர் (பிஷப்) இல்லத்தின் அதிகாரக் கடிதம். பிறகு மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, நிலத்தின் அளவு காட்டும் புலப்படம். கிராம நிர்வாக அலுவலர் ஊரின் நில விவர ஏடான அ-பதிவேட்டைப் புரட்டியபோதுதான் தெரிந்தது: கோயில் நிற்கும் உட்பிரிவு மனை, முற்றம் இருக்கும் உட்பிரிவு இன்னும் நன்செய். அங்கே நெல் விளைந்ததைப் பார்த்தவர் இன்றைக்கு ஊரில் யாரும் இல்லை. ஆனாலும் ஏட்டில் நன்செய் என்றால் நிலப் பயன்பாட்டை மாற்றித்தான் ஆகவேண்டும்.

டெல்டா வேளாண் மண்டலமாகிவிட்டதால் இனி ஒரு செங்கல்கூட வைக்க முடியாது என்று டீக்கடையில் பேச்சு. 2020 சட்டத்தை வாங்கி வரி வரியாகப் படித்தேன். அது தடுப்பது தாமிரம், துத்தநாகம் உருக்கும் ஆலை, தோல் பதனிடும் ஆலை, எண்ணெய்–எரிவாயு எடுப்பது போன்றவற்றை. எங்கள் தகரக் கொட்டகைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வேளாண்மைத் துறையிலிருந்து பார்வையிட வந்தவர் பாசன வாய்க்காலைத்தான் முதலில் பார்த்தார். அப்போது பக்கத்து வயல்காரர், பெரியவர், வரப்பில் நின்றபடியே சொன்னார்: “அந்தக் கடைசித் தூணு மடைக்கு ரொம்பக் கிட்ட வருதுங்க. மழையில மண்ணு சரிஞ்சா என் வயலுக்குத் தண்ணி வராது.” எனக்குச் சுருக்கென்றது. எதிர்ப்புச் சொல்கிறாரோ என்று பயந்தேன். மறுநாள் காலையில் கயிறு பிடித்துப் பார்த்தால், அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. வரைபடத்தில் இதெல்லாம் தெரியாது. ஆறடி மேற்கே தள்ளிப் புது வரைபடம் போட்டோம். செலவு கூடியது, ஆனால் அதற்குப் பிறகு அவரே எங்களுக்காகச் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

காவல்துறை விசாரணையில் ஊராரிடம் ஆட்சேபம் கேட்டார்கள். அய்யனார் கோயில் பூசாரிதான் முதலில் எழுதிக் கொடுத்தார். “நடந்து வர்றவங்களுக்கு நெழலு, இதுல கேக்க என்ன இருக்கு” என்றார். ஒலிபெருக்கி கட்டமாட்டோம் என்று நாங்களும் எழுத்தில் கொடுத்தோம்.

நடுவில் ஓர் அலுவலகத்தில் மூன்று மாதம் கோப்பு நகரவில்லை. போகும்போதெல்லாம் “பார்க்கிறோம்” என்பதுதான் பதில். கடைசியில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ந.க. எண்ணை, அதாவது கோப்பின் எண்ணைக் குறிப்பிட்டு மனு கொடுத்த பிறகுதான் காரணம் தெரிந்தது. ஒரு கடிதத்தில் உட்பிரிவு 2ஏ, இன்னொன்றில் 2பி. ஒரே ஓர் எழுத்து. இதே வேலையில் இறங்குகிறவர்கள் தயவுசெய்து எல்லாத் தாளிலும் புல எண்ணை ஒத்துப் பாருங்கள். கொடுக்கிற ஒவ்வொன்றுக்கும் ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். ந.க. எண் கையில் இல்லாமல் எந்த மேசை முன்னாலும் நிற்காதீர்கள்.

ஆட்சியரின் உத்தரவு, அதை வைத்து ஊராட்சியின் கட்டட அனுமதி என்று எல்லாம் முடிய 13 மாதம் ஆனது. தகரம் போட்டது நாலே நாளில்.

இந்த ஆவணியில் முதலில் வந்தது திருச்சிப் பக்கத்துக் குழு. அன்று ராத்திரியும் மழை. கொட்டகையில் இருபது பேர் படுத்திருந்தார்கள். மாதாவுக்கு முன்னால் ஒரு மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. பதினோரு மணிக்குப் பெரியவர் டார்ச் லைட்டோடு மடையைப் பார்க்க வந்தார். தண்ணீர் தடையில்லாமல் அவர் வயலுக்குப் போய்க்கொண்டிருந்தது. “காலையில மோர் கொண்டாரேன், எத்தனை பேரு?” என்று கேட்டுவிட்டு வரப்பில் இறங்கி நடந்தார்.