காலடிப்பேட்டை வீட்டின் பலகைச் சுவர்

திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது எங்கள் வீடு. மாடியின் கிழக்குச் சுவரில் எத்தனை முறை பூசினாலும் உப்புப் பூத்துப் பூச்சு உதிர்ந்துகொண்டே இருந்ததால், 2015 கோடையில் அந்தச் சுவர் முழுவதையும் மரப்பலகையால் மூடினோம். நான் ஆசைப்பட்டுச் செய்த அந்த வேலை இரண்டு மழைக்காலத்தைக்கூடத் தாங்கவில்லை. முதல் மழையிலேயே திருகாணிகளைச் சுற்றிக் கறுப்புக் கறை இறங்கியது. 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்தபோது நான்கு பலகைகள் கழன்று பக்கத்து மாடியில் போய் விழுந்தன. யாருக்கும் அடிபடவில்லை என்பதே எங்களுக்கு அன்று பெரிய ஆறுதல்.

கழன்ற பலகை ஒன்றைக் காசிமேட்டில் படகு பழுதுபார்க்கும் வயதான ஆசாரி ஒருவரிடம் எடுத்துச் சென்றேன். அவர் அதைத் திருப்பிப் பின்பக்கத்தை நகத்தால் அழுத்தினார். வெளிப்பக்கம் வார்னிஷ் பளபளப்போடு இருந்த அந்தப் பலகையின் பின்பக்கத்தில் நகம் அப்படியே இறங்கியது. "நனையறதுல தப்பில்ல தம்பி, படகு தினம் நனையுது. நனைஞ்சது காயாம கிடக்குது பாரு, அதான் மரத்தைத் தின்னுது" என்றார். பலகைகளைச் சுவரோடு ஒட்ட வைத்து அடித்திருந்தோம். இடுக்கில் புகுந்த மழைநீருக்கு வெளியேற வழியே இல்லை. எந்த மரம் என்று தேடி அலைந்த நான், பலகைக்குப் பின்னால் என்ன இருக்க வேண்டும் என்பதை ஒரு முறைகூட யோசிக்கவில்லை.

2017இல் மறுபடி செய்தபோது அங்கிருந்துதான் தொடங்கினோம். சுவரில் முக்கால் அங்குல ரீப்பர்களை, அதாவது மெல்லிய மரச்சட்டங்களை, இரண்டடிக்கு ஒன்றாக நெட்டுக்குத்தாக அடித்து, அவற்றின் மேல் பலகைகளைக் கிடைமட்டமாகப் பொருத்தினோம். இப்படி விட்ட இடைவெளி கீழும் மேலும் திறந்தே இருப்பதால், கடல்காற்று உள்ளே ஏறிப் பலகையின் முதுகை உலர்த்திவிடுகிறது. பூச்சியும் பல்லியும் குடியேறாமலிருக்க இரு முனைகளிலும் துருப்பிடிக்காத வலையை வைத்தோம். அடிப்பலகை சன்ஷேடைத் தொடாமல் இரண்டு அங்குலம் தூக்கி நிற்கிறது.

மரத்துக்காகச் சென்னை மண்ணடிப் பகுதியில் இடித்த ஒரு பழைய வீட்டின் பர்மா தேக்கு உத்தரங்களை வாங்கினோம். செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய பழைய மெட்ராஸ் டெரஸ் கூரையைத் தாங்கி நின்ற அந்தக் கட்டைகள் புகையும் சுண்ணாம்பும் படிந்து அடுப்புக்கரி போலிருந்தன. அறுவை மில்லில் வாள் பாய்ந்ததும் உள்ளே வெல்லப்பாகு நிறத்தில் மரம் தெரிந்தது. இத்தனை காலத்துக்குப் பிறகும் தேக்கின் வாசனை பட்டறை முழுக்கப் பரவியது. பழைய மரம் வாங்குபவர்கள், அறுக்கும் முன் காந்தத்தைத் தடவி உள்ளே ஆணி இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. புது மரம் வாங்குவதானால், பலகையின் ஓரத்தில் வெளிறிய பட்டை ஓடுகிறதா என்று பாருங்கள். தேக்கே ஆனாலும் அந்த வெள்ளைப் பகுதிக்குக் கரையானையும் உளுவையும் எதிர்க்கும் சக்தி கிடையாது. வைரம் பாய்ந்த பகுதிக்குத்தான் உண்டு. அகலப் பலகை பார்வைக்கு அழகுதான் என்றாலும், ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்கும்போது முறுக்கிக்கொள்ளும் ஆபத்து அதற்கு அதிகம். அதனால் நாங்கள் நான்கு அங்குலத்துக்கு மேல் போகவில்லை.

திருகாணியில் மிச்சம் பிடிக்கக் கூடாது. சாதாரண இரும்பு துருப்பிடிப்பதோடு நில்லாமல், மரத்தில் இருக்கும் துவர்ப்புச் சத்தோடு சேர்ந்து அந்தக் கறுப்புக் கறையையும் உண்டாக்குகிறது. கடலோரத்துக்கு 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைவிட மாலிப்டினம் கலந்த 316 ரகமே ஏற்றது. விலை கூடுதல்தான், ஆனால் எட்டு மழைக்காலம் கடந்தும் ஒரு கறைகூட இறங்கவில்லை. இன்னொன்று, பலகையைப் பொருத்தும் முன்பே பின்பக்கத்துக்கும், முக்கியமாக வெட்டிய முனைகளுக்கும் எண்ணெய் ஊட்டிவிட வேண்டும். முகப்பைவிட வெட்டுமுனை பல மடங்கு வேகமாகத் தண்ணீரைக் குடிக்கும்.

வார்னிஷை அடியோடு விட்டுவிட்டோம். வெயிலில் அது வெடித்து, வெடிப்பின் வழியே புகுந்த நீரை உள்ளேயே பூட்டி வைக்கிறது; மறுபடி பூச வேண்டுமானால் பழையதை முழுவதும் சுரண்டியாக வேண்டும். மரத்துக்குள் ஊறும் எண்ணெய் உரியாது, மெல்லத் தேயும். தேய்ந்ததும் கழுவி மேலேயே பூசலாம். வெறும் லின்சீடு ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) பூசிய முதல் ஆண்டு நம் ஊர்ப் புழுக்கத்தில் கரும்புள்ளியாகப் பூஞ்சை படர்ந்தது. இப்போது பூஞ்சைத் தடுப்பு கலந்த, வெளிப்புற மரத்துக்கான எண்ணெயையே வாங்குகிறோம். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். லின்சீடு கலந்த துணி தானாகவே சூடேறித் தீப்பற்றும். தண்ணீரில் நனைத்து, விரித்துக் காயப்போட்ட பிறகே அப்புறப்படுத்த வேண்டும்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் தவறவிடக் கூடாது. வடகிழக்குப் பருவமழை எங்கள் கிழக்குச் சுவரைத்தான் நேராக அறையும் என்பதால், புரட்டாசியில் ஒவ்வொரு திருகாணியையும் தொட்டுப் பார்க்கிறேன். மழை ஓய்ந்து தை பிறந்ததும் நல்ல தண்ணீரும் மென்மையான பிரஷும் கொண்டு உப்பையும் தூசியையும் கழுவுகிறோம். பம்பு வைத்துப் பீய்ச்சினால் நீர் பலகைகளின் பின்னால் ஏறிவிடும். பங்குனியில் அங்கங்கே தண்ணீரைத் தெளித்துப் பார்ப்பேன். முத்து முத்தாக நின்றால் அந்த ஆண்டு எண்ணெய் தேவையில்லை. சில நிமிடங்களில் உறிஞ்சி மரம் கறுத்தால் பூச வேண்டும்.

சென்ற பங்குனியில் மேல் வரிசைகளில் நீர் முத்தாகவே நின்றது. கீழிருந்து மூன்றாவது பலகை மட்டும் உடனே குடித்துவிட்டது. அங்கே என் மனைவி துளசித் தொட்டியை ஒட்டி வைத்திருந்தார். தொட்டியை ஒரு முழம் தள்ளி வைத்து, பலகை காய இரண்டு வாரம் விட்டு, அந்த ஒரு வரிசைக்கு மட்டும் எண்ணெய் பூசினோம்.